‘வைல் சிக்ஸ்’ என்றால் ஆறு மணி வரையா? யார்க்ஷயர் ஆங்கிலம் புரியாமல் தவிக்கும் செவிலியரின் கேள்வி

இரவுப்பணி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில் உள்ள ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கில வழியிலேயே படித்தேன். இந்த வேலைக்காக எழுதிய ஆங்கிலத் தேர்வில் கேட்டல் பகுதியில்தான் எனக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது. அந்தத் தேர்வின் ஒலிப்பதிவில் கேட்ட ஆங்கிலம் வேறு, இந்த வார்டில் நாள்தோறும் காதில் விழும் ஆங்கிலம் வேறு என்பதை இங்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மதியப் பணிக்கு வந்தபோது, காலைப் பணி முடிந்து கிளம்பவிருந்த மூத்த செவிலியர் நோயாளிகளை ஒவ்வொருவராக என்னிடம் ஒப்படைத்துக்கொண்டு வந்தார். நான்காம் படுக்கையில் இருந்த பெரியவரைக் காட்டி, ‘நவுட் டு ஈட் வைல் சிக்ஸ்’ என்றார். ‘நவுட்’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. ‘வைல் சிக்ஸ்’ என்பதை ஆறு மணிச் சாப்பாட்டு நேரத்தில் என்று நானாகவே பொருள்கொண்டு, ஆறு மணிக்கு வந்த உணவு வண்டியை அவர் படுக்கையருகே நிற்கவிடாமல் அனுப்பிவிட்டேன். மூத்த செவிலியர் சொன்னதோ, ஆறு மணி வரைதான் எதுவும் தரக்கூடாது, பிறகு தரலாம் என்பது. ஏழரை மணிக்கு அந்தப் பெரியவர் என்னை அழைத்து, ‘ஹேவ் யூ ஃபர்காட்டன் அஸ், லவ்?’ என்று கேட்டார். ‘எங்களை மறந்துவிட்டாயா’ என்கிறாரே, இவரோடு இன்னொருவரும் பட்டினி கிடக்கிறாரா என்று பதறிப் பக்கத்துப் படுக்கையைப் பார்த்தேன். ‘அஸ்’ என்று அவர் சொன்னது தன்னை மட்டும்தான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. தாமதத்தால் அவர் உடலுக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேறொரு நாள் எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் ‘ஐம் ஸ்டார்வ்ட்’ என்றபோது ஓடிப்போய் ரொட்டி கொண்டுவந்தேன். அவர் கேட்டது போர்வை. குளிர் தாங்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். இன்னொரு பக்கம், தொலைபேசியில் பேசிய நோயாளியின் உறவினர் ஒருவர் என் பேச்சு புரியவில்லை, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டுவிட்டார். அது இன்னும் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் கேள்விகள் இவைதாம். இவர்கள் பேசுவது பிழையான ஆங்கிலமா, அல்லது நான் படித்ததுதான் முழுமையற்றதா? இதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் காதைப் பழக்க வழி ஏதேனும் உண்டா? அவர்களைப் போலவே நானும் பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பதினேழாம் குளிர்காலம் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் லீட்ஸ் நகரில் மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் ஆண்டில் நீங்கள் விழுந்த குழிகளில் பெரும்பாலானவற்றில் நானும் விழுந்திருக்கிறேன் என்பதால், உடனடியாகப் பயன்படக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘வைல்’ என்ற சொல்லை யார்க்ஷயரில் பலர் ‘வரை’ என்ற பொருளில் வழங்குகிறார்கள். ‘நைன் வைல் ஃபைவ்’ என்றால் ஒன்பது முதல் ஐந்து வரை. நீங்கள் கேட்கும்போது மட்டுமல்ல, பேசும்போதும் இதை நினைவில் வையுங்கள். ‘நான் ஊசி போடும்போது அசையாதீர்கள்’ என்று நீங்கள் ‘வைல்’ போட்டுச் சொன்னால், வயதான ஒருவர் அதை ‘ஊசி போடும்வரை அசையாதீர்கள்’ என்று கேட்டுக்கொள்ள இடமுண்டு. ஆகையால் வேலை நேரத்தில் நான் அந்தச் சொல்லையே கைவிட்டுவிட்டேன். ‘அன்டில்’ என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான்.

‘அஸ்’ என்பது இங்கு ‘என்னை’, ‘எனக்கு’. ‘ஔட்’ என்றால் ஏதேனும். ‘நவுட்’ அதன் எதிர்மறை. ‘டீ’ என்று ஒருவர் சொன்னால் அது தேநீராக இருக்கலாம், மாலை உணவாகவும் இருக்கலாம். ‘டின்னர்’ பெரும்பாலும் நண்பகல் உணவு. சர்க்கரை நோயாளி ஒருவர் ‘டின்னருக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டேன்’ என்று சொன்னால் எந்த வேளை என்று கட்டாயம் கேளுங்கள். ‘புவர்லி’ என்பதைச் சற்று உடல்நலமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்குள்ள மருத்துவமனைகளில் ‘வெரி புவர்லி’ என்று ஒருவரைக் குறிப்பிட்டால் நிலைமை கவலைக்கிடம் என்று பொருள். அதற்கு மாறாக, காலையில் ‘ஆல்ரைட்?’ என்று உங்களைப் பார்த்துக் கேட்பவர் நலம் விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்கிறார்; நீங்களும் ‘ஆல்ரைட்’ என்று சொல்லிவிட்டு நடக்கலாம்.

மருந்தகத்தில் என்னை உலுக்கிய சொற்றொடர் ஒன்று யார்க்ஷயருடையதன்று, அயர்லாந்துடையது. இங்கு குடியேறிய ஐரிஷ் முதியவர் ஒருவர், ‘ஐம் ஆஃப்டர் டேக்கிங் மை டேப்ளட்ஸ்’ என்றார். இங்கிலாந்தில் ‘ஐம் ஆஃப்டர்’ என்றால் ஒன்றைத் தேடி வந்திருக்கிறேன், எனக்கு வேண்டும் என்று பொருள். எனவே மாத்திரை கேட்கிறார் என்று நினைத்து எடுக்கப் போனேன். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு அப்படியே அயர்லாந்து ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது. அங்கே அதன் பொருள் ‘இப்போதுதான் சாப்பிட்டு முடித்தேன்’ என்பது. அவர் கையில் இருந்த காலி அட்டையைக் காட்டியிருக்காவிட்டால் அன்று இரண்டு மடங்கு மருந்து கொடுத்திருப்பேன். அன்று முதல், யார் எதைச் சொன்னாலும் என் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்லி, ‘சரிதானே’ என்று கேட்காமல் விடுவதில்லை. எண்களிலும் அப்படித்தான்: பதினைந்தும் ஐம்பதும் யார் வாயில் வந்தாலும் குழம்பக்கூடியவை என்பதால் ‘ஒன்று-ஐந்து’, ‘ஐந்து-சுழி’ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

காதைப் பழக்குவதற்கு, சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இரண்டு மூன்று ஒலிகளைப் பிடித்துக்கொள்வது விரைவில் பலன் தரும். இங்கு ‘பஸ்’ என்பது ஏறக்குறைய ‘புஸ்’. ‘கப்’ என்பது ‘குப்’. தெற்கே ‘பாத்’, ‘கிராஸ்’ என்று நீட்டுவதை இங்கு நம்முடைய குறில் அகரத்தைப் போல ‘பத்’, ‘கிரஸ்’ என்று குறுக்குவார்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹகரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். எல்லாவற்றையும்விட நம்மைத் திணறடிப்பது ‘தி’ என்ற சிறு சொல். அதை முழுவதும் சொல்லாமல் தொண்டையில் ஒரு கணம் மூச்சை நிறுத்தி விடுவிப்பார்கள். எழுத்தில் அதை ஒற்றை ‘ட்’ ஆகக் காட்டுவது வழக்கம் என்றாலும் பெரும்பாலும் காதில் ‘ட்’ விழாது, ஒரு தடங்கல் மட்டுமே இருக்கும். அந்தத் தடங்கல் உங்கள் காதுக்குத் தெரியத் தொடங்கிய நாளில் பாதிப் பேச்சு திறந்துகொள்ளும்.

சொல்லடைவு எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். மொழியியல் கற்பிப்பவன் என்பதால் அதுதான் எனக்கு நெருக்கமானது. பிழையா என்றால், இல்லை. உங்களைத் தடுமாறவைத்த சொற்கள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல நாம் பாடநூலில் படித்த ஆங்கிலத்தைவிட மூத்தவை.

‘வைல்’ என்பதையே பாருங்கள். ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில், இரவு விருந்து வரை தனியே இருக்கப்போவதாகச் சொல்லி அவையோரை அனுப்பிவைக்கும் அரசன், ‘அதுவரை இறைவன் உங்களோடு இருப்பாராக’ என்பதற்கு ‘வைல் தென்’ என்றுதான் தொடங்குகிறான். லண்டன் மேடையில் 400 ஆண்டுகளுக்கு முன் இயல்பாக ஒலித்த அந்தப் பொருளைத் தெற்கு கைவிட்டது, வடக்கு வைத்துக்கொண்டது. ‘ஸ்டார்வ்’ என்ற சொல்லின் கதை இன்னும் அழகானது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு ‘சாதல்’ என்றே பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் அதன் உறவுச்சொல் அதே பொருளில் வழங்குகிறது. பின்னாளில் பொருள் குறுகியபோது பொதுவழக்கு பசியால் சாவதை எடுத்துக்கொண்டது. வடக்கத்திய வழக்கு குளிரால் சாவதையும் விடாமல் வைத்துக்கொண்டது. உங்கள் வார்டு மூதாட்டி சொன்னது அந்தப் பழைய பொருள்தான். இளையவர்களிடம் இது அருகிவிட்டது. ஆகவே அவர் வாயால் அதைக் கேட்க நேர்ந்ததை ஒரு பேறாகவே கருதுவேன்.

ஒலிகளும் அப்படியே. ‘புஸ்’, ‘குப்’ என்பவை சிதைவுகள் அல்ல. ஒரு காலத்தில் ஆங்கிலம் முழுவதிலும் அந்த இடத்தில் உகரத்தைப் போன்ற ஒலிதான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் தெற்கே அது இரண்டாகப் பிரிந்தது, அந்தப் பிரிவு வடக்கை எட்டவில்லை. ‘பாத்’ என்ற நெடிலும் தெற்கே பிற்காலத்தில் வளர்ந்ததுதான். சொல்லிறுதியிலும் மெய்க்கு முன்னும் வரும் ரகரத்தை விழுங்கும் பழக்கம் தென்கிழக்கு இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் இங்கிலாந்தின் தென்மேற்கு மாவட்டங்களும் அந்த ரகரத்தை விடவில்லை. எழுத்தில் இருப்பதை ஒலிப்பதுதான் சரி என்று ஒருவர் வாதிட்டால், ‘கார்’ என்பதை முழுமையாகச் சொல்லும் கிளாஸ்கோ தொழிலாளியே லண்டன் பிரபுவைவிடச் சரியாகப் பேசுகிறார் என்றாகும். ரகரத்தை விழுங்கும் அதே தெற்கத்தியர், ‘லா அண்ட் ஆர்டர்’ என்னும்போது எழுத்தில் இல்லாத ரகரத்தை நடுவே நுழைத்து ‘லார் அண்ட்’ என்று ஒட்டுவதும் உண்டு.

அப்படியானால் ஒரு வழக்கு மட்டும் ‘சரியான உச்சரிப்பு’ என்ற பெயரை எப்படிப் பெற்றது? நாட்டின் நீதிமன்றமும் அரசவையும் செல்வமும் தென்கிழக்கில் இருந்தன. உயர்குடிப் பிள்ளைகள் பயின்ற உறைவிடப் பள்ளிகள் அந்த உச்சரிப்பை நாடெங்கும் கொண்டுசென்றன. 1917இல் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி அந்தப் பள்ளிகளின் பேச்சையே அடிப்படையாகக் கொண்டது. பிறகு பிபிசி அதை வானொலி வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பியது. 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, யார்க்ஷயரின் ஹாலிஃபேக்ஸில் பிறந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தேசியச் செய்தியை வாசித்தார். வடக்கத்திய நேயர்களுக்கு அவர்கள் முறையிலேயே ‘குட் நீட்’ என்று இரவு வணக்கம் சொன்னார். அந்தக் குரலில் செய்தியைக் கேட்டால் நம்பிக்கை வரவில்லை என்று முறையிட்டவர்கள் இருந்தார்கள். செய்தி ஒன்றே, குரல் மாறியதும் அதன் எடை மாறிவிட்டது. தொலைபேசியில் உங்களைக் கைமாற்றச் சொன்ன அந்த உறவினருக்குப் பின்னால் இருப்பதும் அந்தப் பழைய பழக்கம்தான். அதனால் உங்களுக்கு ஏற்பட்ட வலி குறையாது என்று அறிவேன். ஆனால் அந்த வலியை இந்த நாட்டின் சொந்தப் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக அனுபவித்திருக்கிறார்கள்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1855இல் யார்க்ஷயரில் பிறந்த ஜோசப் ரைட், ஆறு வயதில் கழுதை வண்டி ஓட்டும் வேலைக்குப் போனவர். பிறகு ஆலையில் உழைத்தவர். ஏறத்தாழ பதினைந்து வயதுவரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரே பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி, 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். இன்று உங்கள் வார்டில் முதியவர்கள் பேசும் சொற்கள் அவர் தம் தாயிடம் கேட்ட சொற்கள். அவருக்குப் பிறகு லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களுக்கு ஆய்வாளர்கள் சென்று, பெரும்பாலும் மண்ணைவிட்டு அகலாத முதிய உழவர்களிடம் 1,300க்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். பிழை என்று ஒதுக்கத்தக்க ஒன்றுக்காக எவரும் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று நதி எழுதியது:

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்னவற்றைப் படிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. இங்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரர் என் காரைப் பார்த்து, ‘தி கார் நீட்ஸ் வாஷ்ட்’ என்றார். ‘டு பி’ என்ற இரு சொற்களை விட்டுவிட்டார், அவசரத்தில் பேசினார் என்று நினைத்தேன். அப்படியன்று, இந்த வட்டாரத்தில் படித்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதில் பிழை இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அதே வாக்கிய அமைப்பு இன்றும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கடல் கடந்து பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறியவர்களோடு அது இங்கு வந்தது. வீட்டை ஒழுங்குபடுத்துவதை ‘ரெட் அப்’ என்பதும், பலரை விளிக்கும்போது ‘யின்ஸ்’ என்பதும் அவர்கள் கொண்டுவந்த சீதனமே. ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ‘யூ’ ஒன்றே ஆகிவிட்டதால், ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கு ஊர்தோறும் மக்களே ஒரு சொல்லைச் செய்துகொண்டார்கள்: இங்கே ‘யின்ஸ்’, தென்மாநிலங்களில் ‘யால்’, அயர்லாந்திலும் நியூயார்க்கிலும் ‘யூஸ்’. தேவைப்பட்ட ஒன்றைத் தாமே உண்டாக்கிக்கொண்ட மக்களைப் பிழைபட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தென்மாநிலங்களில் ‘பின்’, ‘பென்’ என்ற இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. அங்கே ஒருவர் எழுதுகோல் கேட்கும்போது ‘இங்க் பென்’ என்று அடைமொழி சேர்த்துக் கேட்பதைக் கவனித்திருக்கிறேன்; குழப்பத்தைத் தீர்க்க அவர்களே கண்ட வழி அது. அமெரிக்கர் பலரின் பேச்சில் ‘வாட்டர்’ என்பதன் நடுவே வரும் ஒலி, நாக்கு மேலண்ணத்தை ஒருமுறை தட்டிவிட்டு ஓடும் ஒலி. நம் காதுக்கு அது ஏறக்குறைய ரகரம் போலவே விழும். அதனால் ‘ரைட்டர்’ என்பதும் ‘ரைடர்’ என்பதும் மிக நெருங்கிவிடுகின்றன.

மேலே எழுதிய நண்பர் குரலின் எடையைப் பற்றிச் சொன்னார். மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கில் செய்த ஆய்வு அதற்கு நேரடியான சான்று. விலை உயர்ந்தது, நடுத்தரமானது, மலிவானது என்று மூன்று கடைகளுக்குப் போய், நான்காம் தளத்தில் உள்ள ஒரு பகுதி எங்கே இருக்கிறது என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும்; காதில் விழாதவர் போல் மீண்டும் கேட்பார்; இம்முறை அழுத்தமாகச் சொல்வார்கள். அந்த இரு சொற்களிலும் ரகரம் ஒலிக்கிறதா என்பதை ஒதுங்கி நின்று குறித்துக்கொள்வார். 264 பேரிடம் கேட்டதில், உயர்ந்த கடையில் சுமார் 62 விழுக்காட்டினர் ரகரத்தை முழுமையாகவோ சில இடங்களிலோ ஒலித்தார்கள்; நடுத்தரக் கடையில் 51; மலிவான கடையில் 20 மட்டுமே. இங்கிலாந்தில் ரகரத்தை விழுங்குவது உயர்வு. அதே காலத்து நியூயார்க்கில் அதை ஒலிப்பது உயர்வு. ஒலியில் உயர்வு தாழ்வு இல்லை, அதைப் பேசுபவரின் பணப்பையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இந்தப் பாகுபாடு இயந்திரங்களுக்கும் தொற்றிவிட்டது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களில் ஐந்து பெரிய நிறுவனங்களுடையவற்றைச் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில், வெள்ளை அமெரிக்கர் பேச்சில் 100 சொற்களுக்கு சராசரியாக 19 பிழைகள் நேர்ந்த இடத்தில், கறுப்பின அமெரிக்கர் பேச்சில் 35 நேர்ந்தன. மருத்துவர்கள் குறிப்புகளை வாய்மொழியாகப் பதிவு செய்யும் காலம் இது என்பதால், சகோதரி, உங்கள் குறிப்புகளை இயந்திரம் எழுதினால் அதைக் கையெழுத்திடுமுன் வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

கறார் எழுதியது:

எல்லோரும் வட்டார வழக்கைப் பாராட்டுகிறீர்கள். எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கேட்டவர் ஒரு செவிலியர், நடந்தது ஒரு நோயாளியின் உணவு குறித்த ஆணை. வீட்டில் பேசும் ‘வைல்’ மூத்ததா இளையதா என்பது அந்த வேளையில் எதற்கும் உதவாது. பணியை ஒப்படைக்கும்போது எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரும் சொல்லைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும். எனவே தவறு உங்களுடையதைவிட அந்த மூத்த செவிலியருடையது என்பதே என் கருத்து.

விமானப் போக்குவரத்தில் நீண்ட காலம் வேலை செய்தவன் நான். வானொலியில் பேசும்போது மூன்று என்பதற்கு ‘ட்ரீ’ என்றும், ஐந்துக்கு ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதுக்கு ‘நைனர்’ என்றும் சொல்லவேண்டும் என்று பன்னாட்டு விதி இருக்கிறது. இவை லண்டன் உச்சரிப்பும் அல்ல, நியூயார்க் உச்சரிப்பும் அல்ல. எந்த நாட்டவரும் சொல்லக்கூடியதாகவும், இரைச்சலில் எந்த நாட்டவர் காதிலும் பிசகாமல் விழக்கூடியதாகவும் வகுத்தவை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அங்கே தம் ஊர் வழக்கை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் பேசவேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் அமெரிக்க அதிகாரிகளும் ஓர் ஆவணத்தை ‘டேபிள்’ செய்வது குறித்து நெடுநேரம் கடுமையாக வாதிட்டதைச் சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார். பிரிட்டிஷாருக்கு அதன் பொருள் உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்கருக்கோ கிடப்பில் போடுவது. இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்பது பின்னரே தெரிந்தது. இரு தரப்புக்கும் ஆங்கிலம் தாய்மொழி என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் வார்டில் நேரத்தை 24 மணி முறையில், ‘18.00 வரை உணவு கூடாது’ என்று தாளில் எழுதி ஒப்படைக்கும்படி கேளுங்கள். ‘ஹாஃப் நைன்’ போன்றவற்றையும் எழுத்தில் அனுமதிக்காதீர்கள். இங்கிலாந்தில் அது ஒன்பதரை, ஜெர்மன் பேசுபவர் தம் மொழி வழக்கத்தால் எட்டரை என்று புரிந்துகொள்வார்.

தென்முனை எழுதியது:

நியூசிலாந்திலிருந்து சில வரிகள் மட்டும். இங்கு ‘க்ரூக்’ என்று ஒருவர் தம்மைப் பற்றிச் சொன்னால் திருடன் என்று பொருளல்ல, உடம்புக்கு முடியவில்லை என்று பொருள், ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. இங்கு ‘பென்’ என்பது ‘பின்’ போலவும் ‘பெட்’ என்பது ‘பிட்’ போலவும் கேட்கும். காதைக் குறிக்கும் ‘இயர்’ என்ற சொல்லும் காற்றைக் குறிக்கும் ‘ஏர்’ என்ற சொல்லும் இளையவர் பலரிடம் ஒன்றாகிவிட்டன. காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு அது எவ்வளவு வேலை வைக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நான் சொல்லைக் கேட்பதோடு நிறுத்தாமல் அவர் கை எங்கே போகிறது என்றும் பார்ப்பேன்.

சொல்லடைவு எழுதியது:

கறார் சொன்னதை மறுக்கவில்லை. ஒரு திருத்தம் மட்டும். விமான வானொலியில் வகுத்தது எல்லோருக்கும் பொதுவான சொற்களையும் ஒலிகளையும்தான்; யாருடைய ஊர் உச்சரிப்பையும் அது மற்றவர்மேல் சுமத்தவில்லை. வார்டிலும் அதே போலச் சொற்களைப் பொதுவாக்கிக்கொள்வது நியாயம். யார்க்ஷயர்க்காரர் ‘புஸ்’ என்பதையோ நீங்கள் உங்கள் முறையில் பேசுவதையோ மாற்றச் சொல்வது வேறு விஷயம்.

மூன்றாவது கேள்விக்கும் இதுவே என் பதில். அவர்களைப் போல் பேச முயலவேண்டாம். பாதி யார்க்ஷயரும் பாதி நம்முடையதுமாகக் கலந்த பேச்சு இருவருக்கும் புரியாமல் போகும். உங்கள் உச்சரிப்பில் கவனம் செலுத்தவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது சொல்லழுத்தம். நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காது, அழுத்தம் விழும் அசையைக் கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறது. ‘டெவலப்’ என்பதில் முதல் அசையை அழுத்தினால், ஒவ்வோர் ஒலியும் சரியாக இருந்தும் அவர்கள் ஒரு கணம் திகைப்பார்கள். இரண்டாம் அசையை அழுத்துங்கள், போதும். நீங்கள் நாள்தோறும் சொல்லும் ஐம்பது மருந்துப் பெயர்களிலும் நோய்ப் பெயர்களிலும் அழுத்தம் எங்கே விழுகிறது என்று சக ஊழியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் முகமும் கையும் உதவிக்கு வராததால், அங்கே இதன் பலன் முதலில் தெரியும்.

இரவுப்பணி எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

மூத்த செவிலியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தாம் ‘வைல்’ என்று சொன்னதே தமக்கு நினைவில்லை என்றார், அது வேறெங்கும் வேறு பொருள் தரும் என்பது தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். இப்போது ஒப்படைப்புத் தாளில் உணவுக்கென ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நேரத்தை 24 மணி முறையில்தான் எழுதுகிறோம். அந்தத் தடங்கல் ஒலி பற்றி எழுதியிருந்தீர்களே, அதை முந்தாநாள் முதன்முறையாக என் காதால் தெளிவாகக் கேட்டேன். ‘ஷீஸ் இன்’ என்றதற்கும் ‘பத்’ என்றதற்கும் நடுவே மூச்சு நின்று விடுபட்டது. கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நான்காம் படுக்கைப் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முதல் நாள் அவரிடம் ‘ஸ்டார்வ்ட்’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டேன். தம் தாய் அப்படித்தான் சொல்வார், தம் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது என்றார். பிறகு நான் கேட்காமலேயே ‘லெய்க்’ என்றால் விளையாடுவது, ‘பெக்’ என்றால் ஓடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மருந்துத் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்.

புதிய சந்தேகம் ஒன்று. நேற்று கிளாஸ்கோவிலிருந்து வந்து சேர்ந்த செவிலியர் ஒருவர் ‘வேர் டூ யூ ஸ்டே?’ என்று கேட்டார். தற்காலிகமாகத் தங்கியிருப்பவள் என்று என்னைப் பற்றி நினைக்கிறாரா?

பதினேழாம் குளிர்காலம் எழுதியது:

இல்லை, சகோதரி. ஸ்காட்லாந்தில் ‘ஸ்டே’ என்றால் குடியிருப்பது. உங்கள் வீடு எங்கே என்றுதான் கேட்கிறார். அவரே கடைக்குப் போகும்போது ‘மெசேஜஸ்’ வாங்கிவரப் போவதாகச் சொல்லக்கூடும். அது வீட்டுச் சாமான். நீங்கள் சொன்ன ‘லெய்க்’, ‘பெக்’ இரண்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் குடியேறிய வடகடல் மக்களான வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தவை. அந்த மருந்துத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்; அதில் உள்ள மற்ற சொற்களையும் நேரம் கிடைக்கும்போது இங்கே எழுதுங்கள்.